மயிலாடும்பாறையில் பபூன் பேசவில்லை

குச்சனூர் அம்மாவாசி பபூன் வேஷம் கட்ட ஆரம்பித்தது தொண்ணூற்றாறாம் வருஷம். அதுவரைக்கும் அவர் சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் சுமை தூக்கிக்கொண்டிருந்தார். தலையில் சும்மாடு, இடுப்பில் வாழைக்கறை ஏறிக் கறுத்துப்போன துண்டு. லாரியிலிருந்து வாழைத்தார் இறக்கும்போது கையும் காலும் ஓய்ந்தாலும் வாய் ஓயாது. பெரிய தாராக வந்தால், "பைய எறக்குங்கப்பா, இது வெறும் தாரில்ல, தாசில்தாரு" என்பார். கேட்டுக் கேட்டுச் சலித்த பேச்சுதான் என்றாலும், அவர் சொல்லும்போது மறுபடியும் சிரிப்பு வரும்.

அந்த வருஷம் மண்டிக்காரர்கள் கோயில் திருவிழாவுக்கு நாடகம் வைத்தார்கள். மதுரையிலிருந்து வரவேண்டிய பபூன் வந்த வேன் ஆண்டிபட்டிக் கணவாயில் நின்றுபோயிற்று. திருவிழா நாடகத்தில் ராஜபார்ட்டுக்குப் பாட்டு இருக்கிறது, வசனம் இருக்கிறது. பபூனுக்கு எழுதி வைத்தது எதுவும் கிடையாது. கதை தொடங்குமுன் தனியாக மேடைக்கு வந்து, அந்த ஊரைப் பற்றி அந்த நிமிஷத்தில் தோன்றியதைப் பேசி, கூட்டத்தைச் சிரிக்க வைத்து உட்கார வைக்க வேண்டும். அதைச் செய்ய ஆள் இல்லை. மண்டி முதலாளி அம்மாவாசியின் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

"ஏலே, லாரிகிட்டப் பேசுறதை இங்கன வந்து பேசு. போ."

முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு போய் நின்றார். தெரிந்த முகம் என்பதால் கூட்டத்தில் ஒருவன் கத்தினான், "முதல்ல தாரை எறக்கி வச்சிட்டுப் பேசுய்யா."

அம்மாவாசி சட்டென்று தலையில் தார் இருப்பதுபோலக் கழுத்தை ஒடுக்கினார். முழங்கால் மடங்கியது. "ஒருத்தனும் கை கொடுக்க மாட்டேங்குறீகளே" என்று முனகியபடி ஆர்மோனியக்காரரிடம் போனார். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். மிருதங்கக்காரரும் மாட்டேன் என்றார். இல்லாத தாரைச் சுமந்துகொண்டு மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் கத்தினவனையே பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் தலையில் இறக்கி வைத்தார். கணவாயில் நின்ற வேன் வந்து சேர்ந்தபிறகும் சனம் மதுரைப் பபூனை ஏறவிடவில்லை.

அப்புறம் அதுவே தொழிலாகிவிட்டது. தை பிறந்தால் ஆடி வரைக்கும் ஓட்டம். கம்பம், போடி, உத்தமபாளையம், கண்டமனூர் என்று ஊர் ஊராக அழைப்பு வந்தது. கூட டான்ஸ் ஆடும் வேஷத்துக்குத் திண்டுக்கல் சுகிர்தம். சரியான வாய்க்காரி. ஒருமுறை போடிப் பக்கம் மேடையில் ஒரு நாய் ஏறிவிட்டது. "யாருங்க இவரு?" என்றாள் சுகிர்தம். "நம்ம கல்யாணத் தரகரு" என்றார் அம்மாவாசி. "பேசாம நிக்கிறாரே?" "கமிஷனைக் கண்டாத்தான் கொரைப்பாரு." அந்த நாய் போகும்வரை அதையே வைத்து ஓட்டினார்கள்.

நாடகம் நடக்கும் ஊருக்கு அவர் மத்தியானமே போய்விடுவார். டீக்கடையில் உட்காருவார், சலூனில் சவரம் செய்துகொள்வார், பம்புசெட்டில் குளிப்பார். யார் யாரோடு பேசுவதில்லை, எவர் வீட்டு மாடு எவர் கொல்லையில் மேய்ந்தது எல்லாம் காதில் விழுந்துவிடும். ராத்திரி மேடையில் வேறு சட்டை போட்டுக்கொண்டு அதுவே வெளியே வரும்.

காலையில் வீடு திரும்பினால் மொக்கம்மாள் பழைய சோற்றில் மோர் ஊற்றி, வறுத்த கருவாட்டைப் பக்கத்தில் வைப்பாள். நடவுக்குப் போகிற அவசரத்திலும் நின்று கேட்பாள். "என்ன பேசுனீக?" அவர் முழுக்கச் சொல்ல வேண்டும். சிரித்தால் நல்லது. சிரிக்காமல் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வயலுக்குக் கிளம்பினால், அந்தப் பேச்சை அவர் மறுபடி எந்த மேடையிலும் எடுக்கமாட்டார்.

சனிக்கிழமைகளில் மொக்கம்மாளுக்கு நடவு கிடையாது. சனீஸ்வரன் கோயில் வாசலில், வாய்க்கால் படித்துறை ஓரமாகச் சாக்கை விரித்து எள்ளுப் பொட்டலம் விற்பாள். இரண்டாயிரத்து ஏழு மாசி மாசத்தில் ஒரு பையன் சனிக்கிழமை தவறாமல் வந்து அவளிடம் பொட்டலம் வாங்கினான். விளக்குப் போடுவதாகத் தெரியவில்லை. வாங்கியதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நிற்பான்.

"ஏப்பா, ஒனக்கு ஏழரையா, அஷ்டமமா? இத்தனை எள்ளு வாங்குற?"

"அதெல்லாம் இல்லத்தே" என்றான்.

அத்தே என்று அவன் வாயில் வந்துவிட்டது. மொக்கம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பக்கத்தில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த மகள் உமாதேவி தலையை நிமிர்த்தவே இல்லை. காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

பையன் பேர் முத்துராமலிங்கம். மயிலாடும்பாறை. அப்பாவுக்கு இலவம்பஞ்சு வியாபாரம். இவன் தலகாணியும் மெத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து சின்னமனூர்க் கடைகளுக்குப் போடுகிறான். உமாதேவி அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடிக்கும் வேலை பார்த்தாள். பில் புத்தகம் அடிக்க வந்த இடத்தில் பழக்கம். சாதியில் முறையில் ஒன்றும் இடிக்கவில்லை. மொக்கம்மாளுக்கும் பையனைப் பிடித்துப்போயிற்று.

சித்திரையில் முத்து வீட்டுக்கே வந்தான். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"எங்கப்பா மொதல்ல ஒத்துக்கிட்டாக மாமா. ஆனா பொண்ணு யாரு மகன்னு சொன்னதும் எந்திரிச்சு வெளிய போயிட்டாக. உங்கள ஒருக்கா நேர்ல வரச் சொல்றாக."

"உங்கப்பா பேரென்ன?"

"ராக்கையா. நீங்க வச்ச பேரு, செங்கல் ராக்கையா."

அம்மாவாசிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மொக்கம்மாளுக்குத்தான் ஞாபகம் இருந்தது.

"தொண்ணூத்தெட்டுல, மயிலாடும்பாறைப் பொங்கலுக்குப் பேசிட்டு வந்து சொன்னீகளே. ஊருக்கெல்லாம் தலகாணி விக்கிறவரு, பஞ்சு தேஞ்சுபோகும்னு தான் மட்டும் செங்கல்லை வச்சுப் படுக்குறாருன்னு. நான்கூடச் சிரிச்சேன்."

"அது ஒரு டீக்கடையில காதுல விழுந்தது."

"அது அந்த ஊர்ல இன்னும் நிக்கிது போல."

மறுநாளே புறப்பட்டுப் போனார். தேனியில் பஸ் மாறி, கண்டமனூர் தாண்டினதும் வெயில் வேறுமாதிரி அடித்தது. கம்பம் பக்கத்துப் பச்சை இங்கே கிடையாது. மலையடிவாரம் பூராவும் இலவ மரங்கள், இலை உதிர்ந்து, காய் மட்டும் தொங்கிக்கொண்டு நின்றன.

ராக்கையாவின் பஞ்சுக் கொட்டடியில் பெண்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு காயை உடைத்துப் பஞ்சைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கம்பால் பஞ்சைக் கடைய, கொட்டை தனியே கீழே இறங்கியது. கொட்டடி முழுக்கப் பஞ்சு பறந்தது. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அம்மாவாசியின் புருவமும் மீசையும் வெளுத்துவிட்டன. அவரைப் பார்த்து ஒரு பெண் இன்னொருத்தியிடம் "செங்கல்லு" என்று ஏதோ சொல்ல, இரண்டு பேரும் துணிக்குள்ளேயே சிரித்தார்கள். சிரிப்பு எதற்கென்று ராக்கையாவுக்குத் தெரியும். அவர் நெடுநெடுவென்று உயரமான ஆள். கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பித்தான் ஆளைப் பார்த்தார்.

"வாங்க. வெளிய வேம்படியில உக்காந்து பேசுவோம்."

தண்ணீர் கொடுத்தார். அதுவரைக்கும் மரியாதை குறையவில்லை. பிறகு கேட்டார், "என்னையப் பத்தி நீங்க பேசுனது ஞாபகம் இருக்கா?"

"இல்லைங்க. என் பொஞ்சாதி சொல்லித்தான் ஞாபகம் வந்துச்சு."

ராக்கையா இதை எதிர்பார்க்கவில்லை.

"நீங்க மறந்துட்டீக. இந்த ஊரு மறக்கல. சந்தைக்குப் போனா செங்கல்லு. பஸ்ல ஏறுனா செங்கல்லு. என் மூத்த மக பவுனைக் கட்டிக் கொடுத்தப்ப, மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைக சீர்ல தலகாணி வருமா செங்கல்லு வருமான்னு கேட்டாக. புள்ள மணவறையிலேயே அழுதுருச்சு."

"தப்புத்தாங்க. கால்ல விழுகச் சொன்னாலும் விழுகுறேன்."

"எனக்கு யாரும் காணாம நீங்க விழுகுறது எதுக்கு? நீங்க பேசுனது ஊரு முன்னால." ராக்கையா விரலால் மேசையில் தட்டுவதுபோல் முழங்காலில் தட்டினார். "பரிசத்தை எங்க ஊர்ல, அதே நாடகமேடையில வைக்கணும். தாம்பூலம் மாத்துறதுக்கு முன்னாடி நான் மைக்கைப் புடிச்சு உங்களப் பத்திப் பேசுவேன். நான் பேசி முடிக்கிற மட்டும் நீங்க மேடையில நிக்கணும். வாயத் தொறக்கப்படாது. ஒத்த வார்த்தை வந்தாலும் தாம்பூலம் கெடையாது."

அம்மாவாசி மீசையில் ஒட்டிய பஞ்சை எடுத்துக்கொண்டே யோசித்தார். "சரிங்க" என்றார்.

வீட்டில் வந்து சொன்னதும் மொக்கம்மாள் கேப்பைக்களி கிண்டிக்கொண்டிருந்த துடுப்பை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"பரிசம் பொண்ணு வீட்டுல போடுறது. நாம தட்டைத் தூக்கிக்கிட்டு அவுக ஊருக்குப் போறதா? போயி நின்னு பேச்சும் வாங்குறதா?"

உமாதேவி அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வேணாம்ப்பா. நான் முத்துகிட்டச் சொல்லிர்றேன். உங்கள நிக்க வச்சுப் பேசுற வீட்டுல எனக்கு என்ன சோலி?"

"ஆத்தா, இத்தனை வருஷம் ஊருல இருக்கவுக எல்லாரையும் பேசிட்டேன். ஒருத்தரு என்னையப் பேசுனா கொறைஞ்சா போயிருவேன்?" என்றார் அம்மாவாசி. "அந்தாளு கெட்டவரு இல்ல. மக அழுததுதான் அவருக்கு இன்னும் ஆறல."

"உங்களையப் பேசட்டும். என் புள்ளயப் பத்தி எதாச்சும் பேசுனா?" என்றாள் மொக்கம்மாள்.

அந்தப் பயம் அவருக்கும் இருந்தது. களி கட்டிதட்டிப்போயிற்று. அன்றைக்கு மூன்று பேரும் அதையே தின்றார்கள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிசம். ஒரு வேன் பிடித்து உறவுக்காரர்களோடு போனார்கள். சுகிர்தமும் வந்திருந்தாள். மேற்கே வருசநாட்டு மலையில் மேகம் இறங்கி, காற்று மேடைப் பந்தலை உப்ப வைத்தது. விஷயம் தெரிந்து ஊரே கூடியிருந்தது. பரிசத்துக்கு வந்த கூட்டமா, நாடகத்துக்கு வந்த கூட்டமா என்று பிரிக்க முடியவில்லை. பின்பக்கம் கிடாக்கறி கொதிக்கிற வாசம் வந்தது.

தாம்பூலத் தட்டுகளை மேடையில் வரிசையாக வைத்தார்கள். அம்மாவாசி வெள்ளைச் சட்டை, தோளில் துண்டோடு ஒரு ஓரத்தில் போய் நின்றார். ராக்கையா ஏறினார். பல நாளாகப் பேசிப் பழகியிருக்கிறார் என்று முத்து முன்பே சொல்லியிருந்தான். கொட்டடியில் பஞ்சு மூட்டைகளுக்கு முன்னால் நின்று உரக்கப் பேசிப் பார்த்தாராம்.

மைக்கைப் பிடித்தார். அது கீச்சென்று அலறியது. கையை எடுத்தார். மறுபடி பிடித்தார்.

"இந்த ஆளு..." என்றார்.

அதற்கு மேல் வரவில்லை. கூட்டம் காத்திருந்தது. "இந்த ஆளு இருக்காரே..." என்றார். மறுபடியும் நின்றுவிட்டது. மைக் பிடித்த கை நடுங்கியது. வேர்வை காது வழியாக இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது. பின்வரிசையில் யாரோ மெல்லச் "செங்கல்லு" என்றான். களுக்கென்று ஒரு சிரிப்பு. அது பரவத் தொடங்கியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மூத்த மகள் பவுனு தலையைக் குனிந்துகொண்டாள். முத்து எழுந்துவிட்டான்.

மேடையில் ஆள் செத்து நிற்பதென்றால் என்ன என்று அம்மாவாசிக்குத் தெரியும். இந்த மனிதர் இப்படியே கீழே இறங்கினால் தாம்பூலம் மட்டுமில்லை, அவர் இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடப்பதும் இல்லையென்றாகிவிடும். பேசவோ வழியில்லை.

தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கைகளைக் கட்டிக்கொண்டு, வாத்தியார் முன்னால் நிற்கிற பையன் மாதிரி, கால் பெருவிரலால் தரையைக் கீறினார்.

ராக்கையா அவரை உடம்போடு திரும்பிப் பார்த்தார். எரிச்சலில் சொன்னார், "என்னய்யா, வீட்டுப்பாடம் எழுதலையா?"

மைக்கில் அது பெரிதாகக் கேட்டது. கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு தன்னைப் பார்த்து இல்லை என்று புரிய ராக்கையாவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அம்மாவாசி பயந்தவர்போலச் சடக்கென்று தரையில் உட்கார்ந்தார்.

"உக்காரச் சொன்னனா?"

எழுந்தார்.

"எந்திரிக்கச் சொன்னனா?"

அம்மாவாசி பாதியில் நின்றுவிட்டார். உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. தொடை நடுங்க, முகத்தை மட்டும் மிகப் பணிவாக வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பந்தல் அதிர்ந்தது. சோறு வடித்துக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். ராக்கையாவின் தோள் இறங்கி இயல்புக்கு வந்தது. மைக்கை நன்றாக வாய்ப்பக்கம் இழுத்தார்.

"பாத்துக்கங்கப்பா. ஊரையெல்லாம் பேசுன வாயி, இப்பப் பூட்டிக் கெடக்கு. சாவி எங்கிட்ட இருக்கு." சிரிப்பு. அம்மாவாசி கெஞ்சுகிற கண்ணோடு கையை நீட்டினார். "தர மாட்டேன்" என்றார் ராக்கையா. இன்னும் பெரிய சிரிப்பு. "குச்சனூர்ல இருந்து வந்திருக்காரு. சனீஸ்வரன் ஊரு. அங்கன சனி கோயிலுக்குள்ள இருக்கு, நாம போயிக் கும்பிட்டு வாறோம். இங்கன சனியே வேன் புடிச்சு நம்ம ஊருக்கு வந்திருக்கு." அம்மாவாசி காக்காய் போலக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். மொக்கம்மாள் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். சுகிர்தம் பொத்திக்கொள்ளவே இல்லை.

கொஞ்ச நேரம் அப்படியே ஓடியது. பிறகு ராக்கையாவின் குரல் இறங்கியது.

"நான் செங்கல்லு வச்சுப் படுத்தது நெசந்தான். அந்த வருஷம் மரத்துல இருந்து விழுந்து கழுத்துல அடி. தலகாணி மெத்துன்னு இருக்கப்படாது, கட்டியா வச்சுப் படுன்னு வைத்தியர் சொன்னாரு. துணியச் சுத்தி ஒரு செங்கல்ல வச்சுக்கிட்டேன். அதைக் கஞ்சத்தனம்னு இவரு பேசிட்டாரு. யாரும் எங்கிட்ட ஏன்னு கேக்கல. எனக்குப் பரவாயில்ல. எம் மக அழுதா."

காற்றில் பந்தல் துணி படபடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மாவாசி நிமிர்ந்து நின்றார். இப்போது அவர் முகத்தில் எந்த வேஷமும் இல்லை. இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மேடை விளிம்புக்கு வந்து, பவுனைப் பார்த்துக் கைகூப்பினார். கூப்பிய கையை இறக்கவே இல்லை. பவுனு முதலில் அவரைப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தாள். மடியிலிருந்த குழந்தையைச் சரிசெய்துகொண்டு, போதும் என்பதுபோலத் தலையை அசைத்தாள்.

ராக்கையாவால்தான் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. சிரிப்பின் ருசி அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

"சரி சரி. ரொம்ப நேரம் கும்புட்டா உண்டியல் வச்சிருவாக. தாம்பூலத்தை எடுங்கப்பா, கறி ஆறுது."

தாம்பூலம் மாற்றினார்கள். உமாதேவிக்குப் பவுனே பூ வைத்துவிட்டாள்.

பந்தியில் ராக்கையா இலை இலையாகப் போய் விசாரித்தார். நெஞ்சை நிமிர்த்தியிருந்தார். தன் கூட்டாளிகளிடம் சொல்வது அம்மாவாசியின் இலை வரைக்கும் கேட்டது. "பத்து வருஷமா ஊரைச் சிரிக்க வைக்கிறாருன்னு பேரு. என்னத்த? மரம் மாதிரி நின்னாரு. சிரிக்க வச்சது பூராம் நான்தான்."

அம்மாவாசி குனிந்து எலும்பை உறிஞ்சினார். பரிமாற வந்த ஆளிடம், "சம்பந்தி சொல்றது சரிதான்" என்றார். மேடை ஏறியதிலிருந்து அவர் பேசின முதல் வார்த்தை அது.

சாயங்காலம் வேன் கண்டமனூரைத் தாண்டியபோது தூறல் விழுந்தது. உமாதேவி முன்சீட்டில், தலையில் வைத்த பூவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். மொக்கம்மாள் புருஷன் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"அவருக்குக் கை நடுங்குனதை எப்பப் பாத்தீக?"

"மைக்கைத் தொடுறதுக்கு முன்னயே."

"அப்படியே விட்டிருந்தா அவரே அசிங்கப்பட்டு எறங்கியிருப்பாரு. யாரும் உங்களக் கொறை சொல்லியிருக்க மாட்டாக."

"நம்ம புள்ள போற வீடு." அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அதுவுமில்லாம, மேடையில ஒரு ஆளைத் தனியா நிக்க விடக்கூடாது."

"ஆனா சிரிக்க வச்சது பூராம் அவருதானாம்ல."

"இருக்கட்டும்."

மொக்கம்மாளால் இருக்கவிட முடியவில்லை. கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பி, அடித்தொண்டையில், "உக்காரச் சொன்னனா?" என்றாள். ராக்கையாவே வேனுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சுகிர்தம் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டிரைவர் வண்டியை மெதுவாக்கினான். "எந்திரிக்கச் சொன்னனா?" என்றாள் மொக்கம்மாள், விரலை நீட்டி, இன்னும் அழுத்தமாக.

அம்மாவாசி கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்து இறக்கினார்.

"நல்லா வருது ஒனக்கு. ஆனா கழுத்தை விட்டுரு. கழுத்து நெசமாவே அவருக்கு வலி."

மொக்கம்மாள் கழுத்தைத் தளர்த்திக்கொண்டாள். குரலை மட்டும் வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.